வைரத்தின் ஒளியை அளந்த பெண்மணி

முன்னுரை

நமது நெய்வேலி கரியால் எழுந்த நகரம். 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரம் பிறந்தது. எங்களுள் பலருடைய தந்தையரும் தாத்தாக்களும் அந்தக் கரியை நம்பி இங்கு வந்து குடியேறியவர்களே.

இந்தக் கரியிலுள்ள கரிமமும் பெரியவர்கள் காதில் மின்னும் வைரத்திலுள்ள கரிமமும் ஒன்றுதான் என்று வேதியியல் வகுப்பில் படிக்கும்போது நமக்கெல்லாம் வியப்பு உண்டாகும். ஒன்றை எரித்து ஒளி பெறுகிறோம். மற்றொன்று, எரிக்காமலேயே தனக்கென ஓர் ஒளி தருகிறது. அந்த இரண்டாம் ஒளியை இரவு பகலாகக் காத்திருந்து அளந்தவர் ஒரு பெண்மணி. அவரே அன்னா மாணி அம்மையார். நம்மைப் போலவே ஒருகாலத்தில் இயற்பியல் மாணவியாய் இருந்தவர்.

மேனிலை இரண்டாம் ஆண்டு அறிவியல் பிரிவில் பயிலும் எங்களிடம், "அடுத்து என்ன?" என்று கேளாத உறவினர் இல்லை. "பி.எஸ்சி. இயற்பியல்" என்று சொன்னால், "அதைப் படித்து என்ன செய்வாய்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற விடையே இக்கட்டுரை. அதற்கு முன், எங்களுக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிட வேண்டும்.

ஊசல் சொன்னதும் புத்தகம் சொன்னதும்

சென்ற ஆண்டு தனி ஊசல் சோதனையைச் செய்தோம். நூலின் நீளம் 50 சென்டிமீட்டர். 20 அலைவுகளுக்கு 28.7 விநாடி. கணக்கிட்டபோது புவியீர்ப்பு முடுக்கம் 9.59 என்று வந்தது. புத்தகத்திலோ 9.8 என்று இருக்கிறது. எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, விநாடிகளைக் கொஞ்சம் குறைத்து, 9.8 என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிவிட்டோம்.

எங்கள் சிஸ்டர் நோட்டைப் பார்த்தார்கள். கோபிக்கவில்லை. "பிள்ளைகளா, இந்த எண்ணை ஊசல் சொன்னதா, புத்தகம் சொன்னதா?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களால் தலை நிமிர முடியவில்லை. அந்த வாரம் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அன்னா மாணியின் வரலாறு. ஊசலின் கதை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் கூறுவோம்.

கம்மலுக்குப் பதில் கலைக்களஞ்சியம்

அன்னா மாணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில், ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாமவர். தந்தையார் பொறியாளர், ஏலக்காய்த் தோட்டங்களும் உடையவர். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தார். ஆயினும் அக்காலத்து வழக்கப்படி, ஆண் மக்கள் பெரிய உத்தியோகத்திற்கு, பெண் மக்கள் திருமணத்திற்கு என்பதே அந்த வீட்டிலும் எழுதாத சட்டமாக இருந்தது.

அந்த வீட்டில் பெண் குழந்தையின் எட்டாம் பிறந்த நாளில் வைரக் கம்மல் பரிசளிப்பது வழக்கம். சிறுமி அன்னா கம்மல் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கேட்டுப் பெற்றுக்கொண்டார். காதில் அணிய வைரம் வேண்டாம் என்ற அந்தச் சிறுமியின் கையில், பின்னாளில் ஆராய்வதற்கென்று எத்தனையோ வைரங்கள் வந்து சேர்ந்தன!

மாநிலக் கல்லூரி காட்டிய வழி

அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1939இல் இயற்பியலும் வேதியியலும் பயின்று ஆனர்ஸ் பட்டம் பெற்றார். ஆய்வு என்பது பட்டமெல்லாம் வாங்கிய பிறகு பெரியவர்கள் செய்யும் வேலை என்று நாம் எண்ணுகிறோம். அக்கல்லூரியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அங்கே மாணவராயிருந்த சி. வி. இராமன் நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். நாம் இன்று மேனிலை வகுப்பில் செய்யும் அதே சோதனைதான். ஒளி சாய்வாகப் பட்டுத் திரும்பியபோது, விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததை அவர் கண்டார். மற்றவர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடக் கூடியது அது. அவர் விடவில்லை. அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் "பிலசாபிகல் மேகசின்" இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

அவருடைய தமையனார் மகன் சு. சந்திரசேகர், அதே கல்லூரியில் ஆனர்ஸ் மாணவர். 1928இல் ஜெர்மானிய அறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று பார்த்தார். மாணவர் நூலில் கற்றிருந்த அணுக்கொள்கை பழையதாகிவிட்டது, புதிய இயக்கவியல் வந்துவிட்டது என்று அறிஞர் எடுத்துரைத்தார். அச்சேறாத தம் கட்டுரையின் படியையும் கொடுத்தார். வேறொருவராயின் மனம் தளர்ந்திருப்பார். சந்திரசேகரோ சில திங்களுக்குள் அப்புதிய கருத்தைக் கற்று, தாமே ஒரு கட்டுரை எழுதினார். அது 1929இல் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. பட்டம் பெற்றது அதற்குப் பின்னர், 1930இல்தான். 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றதை யாவரும் அறிவர்.

இத்தகைய கல்லூரியிலிருந்து புறப்பட்ட அன்னா மாணி, 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பெண்கள் அக்கழகத்தில் நுழைவதே அரிதாயிருந்த காலம் அது. 1933இல் வேதியியல் மாணவி கமலா சோஹோனிக்கு முதலில் இடம் மறுக்கப்பட்டது. அவர் விடாது வற்புறுத்திய பின்னரே, ஓராண்டுக் காலம் சோதனை முறையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் திறந்த கதவின் வழியே அன்னா மாணியும் உள்ளே சென்றார் என்று சொன்னால் மிகையாகாது.

இருபது மணி நேரக் காத்திருப்பு

இராமனிடம் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்த ஏறத்தாழ 300 வைரங்கள் இருந்தன. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றின் ஒளியை அன்னா மாணி ஆராய்ந்தார்.

அந்த ஒளி எப்படிப்பட்டது? சில வைரங்களின் மீது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைச் செலுத்தினால், அவை இருட்டில் நீல நிறமாகவோ பச்சை நிறமாகவோ ஒளிர்கின்றன. இதனை ஒளிர்வு என்கிறோம். அந்த ஒளியை நிறமாலைமானியின் வழியே பிரித்தால், பட்டைகளும் கோடுகளும் தெரியும. நீலமாய் ஒளிரும் வைரத்தில் 4152 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு கோடு முக்கியமானது. பச்சையாய் ஒளிர்வதில் 5032 ஆங்ஸ்ட்ராமில் ஒரு கோடு. வெப்பம் மிகுதியாயிருந்தால் அணுக்களின் அதிர்வால் இக்கோடுகள் பரந்து மங்கிவிடும். எனவே வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில், அதாவது சுழியத்திற்குக் கீழே சுமார் 190 டிகிரியில் வைத்துப் படமெடுக்க வேண்டும்.

இன்றுபோல் மின்னணுக் கருவிகள் அன்று இல்லை. ஒளிப்படத் தகட்டில்தான் நிறமாலை பதிய வேண்டும். சில வைரங்களின் ஒளி மிக மங்கல். ஒரே தகட்டில் பதிவு விழ 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். அதுவரை குளிர் மாறக் கூடாது, கருவி அசையக் கூடாது. பிறகு தகட்டை இருட்டறையில் கழுவிப் பார்த்தால்தான் கோடு விழுந்ததா, இல்லையா என்பதே தெரியும். விழாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். என்னே அவர் பொறுமை!

1942க்கும் 1945க்கும் இடையில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி ஐந்து கட்டுரைகளைத் தனியொருவராக எழுதி வெளியிட்டார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வைரத்தின் ஒளிர்வுக்குக் காரணம் என்ன என்பது அந்நாளில் தெளிவாகவில்லை. வைரத்தில் கரிம அணு இருக்கவேண்டிய ஓரிடம் காலியாகி, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்தால் 4152 கோடு தோன்றுகிறது என்பது பிற்காலத்தில்தான் விளங்கிற்று. விளக்கங்கள் மாறின. 4152 என்ற அளவோ மாறாமல் நின்றது. நேர்மையாக எடுத்த ஓர் அளவுக்கு எவ்வளவு ஆயுள் பாருங்கள்!

கைக்கு எட்டாத பட்டம்

1945 ஆகஸ்டில் அன்னா மாணி தம் ஆய்வேட்டை முனைவர் பட்டத்திற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அக்கழகத்தில் செய்யும் ஆய்வுக்கு அந்நாளில் அப்பல்கலைக்கழகமே பட்டம் வழங்கி வந்தது. ஆனால் அவரிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டி, முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்ஸ் பட்டமும், ஆய்வு உதவித்தொகையும், அச்சான ஐந்து கட்டுரைகளும் கணக்கில் வரவில்லை. அவ்வேடு இன்றும் பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு ஏடாக இருக்கிறது. வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

பிற்காலத்தில் இதுபற்றிக் கேட்டவர்களிடம், பட்டம் இல்லாததால் தம் வாழ்வில் பெரிய மாறுதல் ஒன்றும் நேரவில்லை என்றே அவர் கூறினார். அவர் உள்ளத்தின் பெருமை அது. ஆனால் நாம் அதைக் கேட்டு, பட்டம் வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேர்ந்தது அநீதியே. அந்த அநீதி அவருடைய வேலையை நிறுத்தவில்லை என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

கதிரவனையும் காற்றையும் அளந்தவர்

அதே ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். இயற்பியல் ஆய்வைத் தொடர விரும்பிச் சென்றவருக்கு, வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி ஒன்றே கிடைத்தது. கிடைத்ததை மனமார ஏற்றுக்கொண்டார். 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பி, பூனாவில் இந்திய வானிலை ஆய்வுத்துறையில் சேர்ந்தார்.

அந்நாளில் சாதாரண வெப்பமானி, காற்றழுத்தமானி முதற்கொண்டு வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஏறத்தாழ 100 வகை வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின்போது, கதிரவனின் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல இடங்களில் அமைத்தார். ஓசோனை அளக்கும் கருவியையும் உருவாக்கச் செய்தார். டாக்டர் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தும்பா ஏவுதளத்தில் வானிலை நிலையம் அமைத்துக் கொடுத்தார். 1976இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய அவருடைய நூல்கள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியாயின. அதன் பின்னரும் ஓயாமல், நாட்டில் எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்பதை அளக்கும் பெரும் பணியில் ஈடுபட்டார். 2001 ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.

தவறான அளவு, அளவே இல்லாததைவிடக் கேடானது என்பது அவருடைய கொள்கை. ஏன் என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல், காற்றின் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. காற்றின் வேகத்தை 10 விழுக்காடு கூட்டி அளந்துவிட்டதாகக் கொள்வோம். 1.1ஐ மும்முறை பெருக்கினால் 1.331. அதாவது, இல்லாத ஆற்றலை 33 விழுக்காடு இருப்பதாக நம்பிவிடுவோம். அளவே இல்லையென்றால் யாரும் அங்கே பணம் போடமாட்டார்கள். தவறான அளவு இருந்தாலோ நம்பிப் போட்டு ஏமாறுவார்கள். முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைப் பேருந்திலிருந்து பார்க்கும்போது, இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நமது நெய்வேலியிலும் இன்று கரி மின்சாரத்தோடு சூரிய ஒளி மின்சாரமும் உற்பத்தியாகிறது. ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று முன்னமே அளந்தால்தான் அத்தகைய நிலையத்திற்குத் திட்டமிட முடியும். நம் நாட்டில் அந்த அளவீட்டுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், வைரக் கம்மல் வேண்டாம் என்ற அந்தப் பெண்தான்.

நமக்கு உள்ள வழிகள்

அன்னா மாணிக்கு அடைபட்ட கதவு இன்று ஓரளவு திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் படிப்பை 75 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முடித்தவர், எம்.எஸ்சி. இல்லாமலேயே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் ஆய்வு செய்த இந்திய அறிவியல் கழகத்திலேயே, 2011 முதல் ஆய்வையும் உள்ளடக்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு நடைபெறுகிறது. திருப்பதி, திருவனந்தபுரம் போன்ற இடங்களில் ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் உள்ளன.

தொலைதூரம் அனுப்பப் பெற்றோர் தயங்கினால், கடலூரிலும் சிதம்பரத்திலும் இயற்பியல் படிக்கலாம். பிறகு "ஜாம்" என்னும் நுழைவுத்தேர்வு எழுதி, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். எந்தக் கல்லூரியில் படித்தாலும், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு பெற்றால் விடுமுறையில் ஓர் அறிவியலறிஞரோடு பணி செய்யும் வாய்ப்புக் கிடைக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொறியியலும் மருத்துவமும் நல்ல படிப்புகளே. ஆனால் உங்கள் மகள் இயற்பியலைக் கேட்டால், அவள் மதிப்பெண் குறைந்ததால் கேட்கிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். கம்மலுக்குப் பதிலாகக் கலைக்களஞ்சியம் கேட்கிறாளோ என்று ஒருமுறை யோசியுங்கள். ஆண்டவர் ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்த தாலந்தைப் புதைத்து வைக்கலாகாது என்று மறைக்கல்வி வகுப்பிலும் நாங்கள் படித்திருக்கிறோம்.

முடிவுரை

ஊசலின் கதையை முடிக்கவேண்டும் அல்லவா? சிஸ்டர் சொன்னபடி நாங்கள் மீண்டும் ஆய்வகத்திற்குச் சென்றோம். நேரத்தை மறுபடி எடுத்தோம். அதே 28.7 விநாடி. அப்படியானால் நீளத்தில்தான் பிழை இருக்கவேண்டும் என்று தேடினோம். நூல் முடியும் இடம்வரை மட்டுமே அளந்திருக்கிறோம்! குண்டின் மையம்வரை அல்லவா அளக்கவேண்டும்? குண்டின் ஆரம் 1 சென்டிமீட்டர். நீளம் 51 என்று வைத்துக் கணக்கிட்டதும் 9.78 வந்தது. நெய்வேலி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கே சரியான மதிப்பு ஏறத்தாழ 9.78தான் என்று சிஸ்டர் கூறியபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

முதலில் வந்த 9.59 தவறான விடைதான். ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தது அதுவே. அதை மறைத்து எழுதிய 9.8 எங்களுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கங்களும் எங்கள் ரெக்கார்டு நோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன.

எங்களுள் எத்தனை பேர் இயற்பியல் படிக்கப் போகிறோம், எத்தனை பேருக்குப் பட்டங்கள் கிடைக்கும் என்பதெல்லாம் இறைவன் சித்தம். எங்கே போனாலும், என்ன அளந்தாலும், கண்டதைக் கண்டபடியே எழுதுவோம் என்று மட்டும் உறுதி கொள்கிறோம். தங்கைமார்களே, அடுத்த ஆண்டு அதே ஊசல் உங்கள் கைக்கு வரும். குண்டின் மையம்வரை அளக்க மறவாதீர்கள்!